கதவைத் தட்டும் திட்டம்

ஜூலை 4, வியாழன்

சங்கத்தின் புது ஆண்டு இன்று தொடங்கியது. இந்த வருடமும் என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை. தலைவர் பல் டாக்டர் கௌசல்யா. கெட்டிக்காரர்தான், ஆனால் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே முடிவு செய்துவிடுகிறார். நாம் யோசித்து வாயைத் திறப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

தென்னைநகர் சேவைச் சங்கத்தின் வியாழக்கிழமைக் கூட்டம் எப்போதும்போல ஓட்டல் மாடியில். பஜ்ஜி ஆறியிருந்தது. மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

புது உறுப்பினர் ஒருவர் சேர்ந்தார். பெயர் தேவசகாயம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவராம். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, அங்கிருந்த வீட்டையும் விற்றுவிட்டாராம். அவ்வளவு தூரத்திலிருந்து பொள்ளாச்சிக்கு ஏன் வந்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "இங்க காத்து நல்லாருக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அறுபதைத் தாண்டிய மனிதன் காற்றுக்காக வீட்டை விற்றுவிட்டு ஊர் மாறுவானா? நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்தவன். மீட்டர் ஓடாத வீட்டில் விளக்கு எரிந்தால் எங்கே கொக்கி போட்டிருக்கிறார்கள் என்று தேடித்தான் எனக்குப் பழக்கம்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை 'கதவைத் தட்டும் திட்டம்'. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்களை உறுப்பினர்கள் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். நல்ல திட்டம். உண்மையில் இது என் யோசனை. வசந்தாமணி அம்மாளை நான் சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பதைச் சொன்னபோதுதான் கௌசல்யாவுக்கு இது தோன்றியது.

ஆனால் வீடுகளைப் பிரித்துக் கொடுத்தபோது வசந்தாமணி அம்மாளின் வீடு தேவசகாயத்துக்குப் போயிற்று. பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறாராம். எனக்கு மகாலிங்கபுரம் அங்கமுத்து வாத்தியார். நான் மாற்றச் சொல்லவில்லை. எனக்கென்ன, யார் போனால் என்ன.

ஜூலை 6, சனி

மாற்றத்தைத் தெரிவிப்பது முறை என்பதால் வசந்தாமணி அம்மாள் வீட்டுக்குப் போனேன். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். இப்போதும் "சொல்லுங்க" என்று அவர் சொன்னால், பேசுவதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும்போல் இருக்கும். கணவர் போய் நான்கு வருடம். மகன் நவீன் மெல்போர்னில்.

முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடும்போது வாசல் கதவைத் திறந்தே வையுங்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்களும் ஒரு காலத்துல முன்பின் தெரியாத ஆளுதானுங்க சார்" என்றார். நான் முதலில் போனது மின் இணைப்பின் பெயர் மாற்றத்துக்காக. அது வேறு.

காபி கொடுத்தார். கூடத்து மின்விசிறியின் ரெகுலேட்டர் சூடாகிறது. புதிது வாங்கி மாட்ட வேண்டும். இனி அதை யார் கவனிப்பார்கள் என்று தெரியவில்லை.

ஜூலை 9

தண்ணீர் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. நாள் முழுக்க அதோடு போயிற்று.

ஜூலை 25, வியாழன்

கூட்டத்தில் மகிழ்ச்சி உண்டியல் சுற்றி வந்தது. அதில் காசு போடுகிறவர் அந்த வாரத்தில் நடந்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். பேரன் பிறந்தது, மகளுக்கு வேலை கிடைத்தது என்று சொல்வார்கள். தேவசகாயம் எழுந்து, "இந்த வாரம் நல்ல காபி குடிச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எந்த வீட்டுக் காபி என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அங்கமுத்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். காது சரியாகக் கேட்பதில்லை. ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு, நான் ரேடியோவைவிட மெதுவாகப் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்கிறார். நகராட்சியைப் பற்றி ஒரு மணி நேரம் திட்டினார். கிளம்பும்போது, உங்கள் சங்கத்தில் சைக்கிளில் வருகிற தூத்துக்குடிக்காரர் நல்ல மனிதர் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடைவீதியில் பார்த்தாராம். வசந்தாமணி அம்மாளோடு கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாராம்.

வாரம் ஒருமுறை கதவைத் தட்டுவதுதான் திட்டம். கத்தரிக்காய் பொறுக்குவது திட்டத்தில் இல்லை.

செப்டம்பர் 14, சனி

ரெகுலேட்டர் வாங்கி ஒரு மாதமாகிறது, பையிலேயே கிடக்கிறதே என்று மாட்டிக் கொடுக்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. சனிக்கிழமை மாலையில் அவர் எங்கும் போகமாட்டார். பக்கத்து வீட்டுப் பெண், "அந்த சார் கூட ஆழியாறு அணை பாக்கப் போயிருக்காங்க" என்றாள்.

வசந்தாமணி அம்மாளோடு நானும் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அணையைப் பார்க்க ஆசை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆளைப் பழக்கி, வெளியே அழைத்துப்போய், மெல்ல மெல்ல நம்பிக்கையைச் சம்பாதிப்பது இப்படித்தான். செய்தித்தாளில் வாரம் ஒன்று வருகிறது.

மகள் உமா பெங்களூரிலிருந்து பேசினாள். இதைச் சொன்னேன். "அப்பா, போன வாரமும் அந்த அத்தையப் பத்தித்தான் பேசுனீங்க" என்று சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் அம்மா இருந்திருந்தால் நான் சொல்வது புரிந்திருக்கும்.

செப்டம்பர் 26, வியாழன்

ஒவ்வொருவரும் தாம் பார்க்கப்போகும் பெரியவரைப் பற்றி மாதம் ஒருமுறை கூட்டத்தில் சொல்வது ஏற்பாடு. மற்றவர்கள் சொன்னார்கள். தேவசகாயம் "நல்லா இருக்காங்க" என்று ஒரே வரியில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து, உடல்நிலை, மருந்து, வீட்டில் வசதிக்குறைவு எல்லாம் விவரமாகச் சொல்வது வழக்கம் என்று நினைவுபடுத்தினேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் சொன்னார். "அவங்க வீட்டுல பேசுனத இங்க வந்து சொல்லுதது சரியில்ல அண்ணாச்சி."

கௌசல்யா, "அதுவும் சரிதான்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் மறைக்க வேண்டும்?

அக்டோபர் 20, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம். காலையிலிருந்து நிற்க நேரமில்லை. கிராமங்களிலிருந்து வேன் வேனாக வந்தார்கள். மைக் செட்காரன் ஒயரைக் கண்டபடி இழுத்திருந்தான், நான்தான் சரி செய்தேன்.

பெயர் பதியும் மேசையில் வசந்தாமணி அம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் நான்கு வருடமாகக் கூப்பிட்டும் வராதவர். கிளிப்பச்சைச் சேலை. வரிசையில் தள்ளுமுள்ளு வந்தபோது, "ஒவ்வொருத்தரா வாங்க, யாரும் விட்டுப்போக மாட்டீங்க" என்று அந்த எக்ஸ்சேஞ்ச் குரலில் சொன்னார். அத்தனை கூட்டமும் அடங்கிவிட்டது. தேவசகாயம் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கிழவர்களைக் கைபிடித்து டாக்டரிடம் கூட்டிப்போவதும் வருவதுமாக இருந்தார்.

ஒன்றைக் கவனித்தேன். வசந்தாமணி அம்மாள் கையில் எப்போதும் கிடக்கும் தங்க வளையல்கள் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "கனமா இருந்துதுங்க, கழட்டீட்டேன்" என்றார். இத்தனை வருடம் கனக்காத வளையல் இப்போது கனக்கிறது.

சாப்பாடு இறங்கவில்லை. சாம்பாரில் உப்பு அதிகம்.

நவம்பர் 8, வெள்ளி

என் மனையின் வில்லங்கச் சான்றிதழ் வாங்கச் சார்பதிவாளர் அலுவலகம் போனேன். படியேறப் போகும்போது இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அம்மாளின் கைப்பையைத் தேவசகாயம் வைத்திருந்தார். வசந்தாமணி அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் சிவந்துபோய், முந்தானையைச் சரி செய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார். தேவசகாயம் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்.

கிரயம், தானம், உயில், அடமானம். பதிவு அலுவலகத்துக்கு வேறு எதற்குப் போவார்கள்? ஊருக்கு நடுவில் தோட்டத்தோடு வீடு. முதலில் காபி, பிறகு கத்தரிக்காய், அணை, வளையல், இப்போது இது.

என் சான்றிதழை வாங்காமலே வந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கௌசல்யாவிடம் போனில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்களே அவங்களைக் கேட்டுருங்க சார். உங்களுக்குத்தான் ரொம்பப் பழக்கம்" என்றார்.

நேராகக் கேட்டால் அவர் மனம் புண்படும். அதனால் நவீனுக்குப் போன் செய்தேன். அவசரத்துக்கு என்று அவனுடைய எண் என்னிடம் இருக்கிறது. இதுவும் அவசரம்தான். மிகைப்படுத்தாமல் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டான். பிறகு, "நான் கெளம்பி வர்றேன் அங்கிள். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான்.

ஒரு பெரிய பாரம் இறங்கியது. பிள்ளைக்குத் தெரியப்படுத்துவது என் கடமை.

நவம்பர் 14, வியாழன்

தூத்துக்குடியில் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பரிடம் தேவசகாயத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லியிருந்தேன். இன்று பேசினார். தேவசகாயத்தின் மனைவி பக்கவாதத்தில் பல வருடம் படுக்கையில் கிடந்தாராம். ஆள் வைக்காமல் குளிப்பாட்டுவது முதல் எல்லாம் இவரே செய்தாராம். அந்த வீட்டில் இருக்க முடியாமல் விற்றுவிட்டுக் கிளம்பினாராம். தெருவில் இன்றும் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றார்.

எல்லோரும் நல்லவர் என்று சொல்கிற ஆளிடம்தான் அதிகக் கவனம் வேண்டும்.

கூட்டத்தில் மரக்கன்றுகள் பற்றிப் பேசினோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

புறவழிச்சாலையில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் முறை எனக்கும் தேவசகாயத்துக்கும் வந்தது. கௌசல்யா வேண்டுமென்றே போட்டிருப்பார். குடத்தைத் தூக்கியபடி இரண்டு பேரும் நடந்தோம். ஒரு வேம்புக் கன்றை ஆடு கடித்திருந்தது. அவர் முள்ளை எடுத்துச் சுற்றி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"என்னப் பத்தி ஊர்ல விசாரிச்சீங்களாமே அண்ணாச்சி. போன் வந்துச்சு."

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"தப்பில்ல. நானா இருந்தாலும் விசாரிச்சுத்தான் இருப்பேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வசந்தா நினச்சிட்டிருக்கா. அவளே சொல்லட்டும்னு நான் வாயத் தொறக்கல."

அதற்குப் பிறகும் ஏதோ பேசினார். எனக்குக் காதில் விழவில்லை. வசந்தா என்கிறார். அவள் என்கிறார். அந்தப் பெயரை நான் ஒரு நாளும் அப்படிச் சுருக்கிச் சொன்னதில்லை.

நவம்பர் 23, சனி

நவீன் நேற்று வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறான். இன்று காலை நேராக என் வீட்டுக்கு வந்து, கூட வாருங்கள் அங்கிள் என்றான். போனேன். போயிருக்க வேண்டாம்.

மகன் முன்னறிவிப்பில்லாமல் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவர் பயந்துவிட்டார். பேத்திக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். நவீன் உட்காரவே இல்லை. வீட்டை யாருக்கு எழுதிக் கொடுத்தீர்கள், வளையல் எங்கே, அந்த ஆள் யார் என்று மூச்சுவிடாமல் கேட்டான். பாதியில் என் பக்கம் கை காட்டி, "அங்கிள் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் எனக்கு போன் பண்ணுனாரு" என்றான்.

வசந்தாமணி அம்மாள் என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து மகன் கையில் வைத்தார். குழந்தை வளையல்கள். பழைய வளையல்களை அழித்துப் பேத்திக்குச் செய்திருக்கிறார். பிறந்தநாளுக்கு அனுப்ப யாராவது மெல்போர்ன் போகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

"நவீனு, நீ மொதல்ல உக்காரு" என்றார். "தேவசகாயமும் நானும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். பதிவு ஆபீசுல மனு குடுத்தாச்சு. அடுத்த மாசம். உங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான் தெனமும் போனக் கையில எடுத்துட்டு எடுத்துட்டு வெச்சேன். இந்த வீட்ட உம் பேருக்கு எழுதி அன்னிக்கே பதிஞ்சாச்சு. அதச் செய்யாம அவரு மனுவுல கையெழுத்தே போடமாட்டேன்னுட்டாரு. நான் அவரு வாடகை வீட்டுக்குப் போறேன்."

நவீன் டப்பாவை மூடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. இந்த வயதில் எதற்கு, ஊர் என்ன பேசும், வேறு மதம் வேறே என்று தழுதழுத்தான்.

"நாலு வருசமா இந்த ஊரு எங்கிட்டப் பேசவே இல்ல. இனியாவது பேசட்டும்."

பிறகு என்னிடம் திரும்பினார். "எனக்குக் காவல் வேணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கல்யாணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த வயதில், அந்த வீட்டில், அப்படி ஒன்று நடக்கலாம் என்று நான் நினைக்க என்ன காரணம் இருக்கிறது.

நவீன் மாலையில் வந்தான். சட்டப்படி ஆட்சேபிக்க வழியில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். இரண்டு பேரும் துணை இல்லாதவர்கள், வயது வந்தவர்கள். அதனால் வேறு யோசனை சொன்னான். சங்கம் நம்பி அனுப்பிய இடத்தில் இவர் முறைதவறி நடந்துகொண்டார் என்று தீர்மானம் போட்டு வெளியேற்றிவிட்டால், அம்மா அவமானத்துக்குப் பயந்து கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்றான். "அம்மா உங்க பேச்சுக்குத்தான் மரியாதை குடுப்பாங்க அங்கிள்."

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. பார்த்துவிட்டு வரத்தான் அனுப்பினோம். பெண் பார்க்க அனுப்பவில்லை. நாளை மற்ற வீடுகளில் நம்மை நம்பிக் கதவைத் திறப்பார்களா? வியாழக்கிழமைக்குத் தீர்மானம் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டேன். எழுதியும் முடித்துவிட்டேன். நன்றாகவே வந்திருக்கிறது.

நவம்பர் 25

இரண்டு வேளையும் பழைய மாவில் தோசை. புளித்திருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

வசந்தாமணி அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி பாக்கியம் போன பிறகு இந்த வீட்டுக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தது இன்றுதான். நாற்காலியில் காய்ந்த துணி குவிந்திருந்தது. அவசரமாக எடுத்தேன். அவரும் இரண்டு சட்டையை மடித்து வைத்தார். காபி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

தீர்மானத்தைப் பற்றி நவீனே அவரிடம் சொல்லியிருக்கிறான். அதை நிறுத்தச் சொல்லி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"கோவத்துல அன்னிக்கு நவீனு முன்னால வெச்சுப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

பரவாயில்லை, நான் செய்தது உங்கள் நன்மைக்குத்தான் என்றேன்.

"தெரியுமுங்க. நாலு வருசமா சனிக்கிழமை ஆனா வந்தீங்க. மீட்டரப் பாத்தீங்க, பியூஸ் போட்டுக் குடுத்தீங்க, ஒயரு மாத்துனீங்க. எங்க வீட்டுல ஒரு சுவிட்சு கெட்டுப்போனதில்ல. நீங்க வர்றீங்கன்னு நான் நாலு மணிக்கே தலை வாரிட்டு உக்காந்திருப்பேன். காபியக் குடிச்சுட்டு, சரிங்கன்னு எந்திரிச்சுப் போயிருவீங்க." மேலும் சொன்னார். "அவரு வந்த ரெண்டாவது வாரம், உங்களுக்கு என்ன பாக்கணும்னு ஆசைன்னு கேட்டாரு. அணைய நெறஞ்சு பாக்கணும்னு சொன்னேன். எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது, அப்புடி ஒரு ஆசை இருக்குதுன்னு."

ரெகுலேட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், மாட்டத்தான் வரவில்லை என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "குடுங்க, அவரு மாட்டிக்குவாரு" என்று மெதுவாகச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான் கவனித்ததில்லை. மின்விசிறியையும் மீட்டரையும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நவம்பர் 28, வியாழன்

மாடி அறை நிரம்பியிருந்தது. விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. எப்போதும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். நவீனை விருந்தினராக உட்கார வைத்திருந்தோம். அவன் பேசினான். தன் அம்மாவின் பெயரைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் உடைந்தது. சிலர் தலையாட்டினார்கள். தேவசகாயம் கடைசி வரிசையில் கைகளை மடிமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

கௌசல்யா இன்று சிரிக்கவில்லை. "செயலாளர் தீர்மானம் கொண்டுவர்றதாச் சொன்னாங்க. இந்தத் திட்டத்துல முறைகேடு நடந்ததா உங்ககிட்டப் புகார் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார்.

தாள் என் சட்டைப்பையில் இருந்தது. எழுந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நவீனும் பார்த்தான்.

"புகார் எதுவும் இல்லைங்க" என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தப்பட்ட அம்மாளே புகார் சொல்லாதபோது தீர்மானம் செல்லாது. அந்தக் காரணத்தால்தான் சொன்னேன்.

சலசலப்பு எழுந்தது. தேவசகாயம் எழுந்து, தன்னால் சங்கத்துக்குக் கெட்ட பெயர் வேண்டாம், விலகிக்கொள்கிறேன் என்றார். விலகுகிறவர் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து, அவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதைச் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் பேனா கேட்டார். நான் வாங்கிக்கொள்வதாக இல்லை என்றும் சொன்னேன்.

யாரோ சிரித்தார்கள். கௌசல்யா மணியை அடித்துக் கூட்டத்தை முடித்துவிட்டார். படியிறங்கும்போது நவீன் என்னைத் தாண்டிப் போனான்.

டிசம்பர் 1, ஞாயிறு

நவீன் நேற்று கிளம்பிவிட்டானாம். அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனானா என்று தெரியவில்லை. வளையல் டப்பாவை மட்டும் எடுத்துப் போயிருக்கிறான்.

நான் அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

கூட்டத்துக்கு ஆள் குறைவு. பஜ்ஜி சூடாக இருந்தது. முடிந்த பிறகு கௌசல்யா என்னிடம், புதன்கிழமை கல்யாணப் பதிவுக்கு மூன்று சாட்சிகள் வேண்டும், தானும் அங்கமுத்து வாத்தியாரும் ஆயிற்று, இன்னும் ஒருவர்தான் பாக்கி என்றார். யாரைக் கேட்டிருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. புதன்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 11, புதன்

வெள்ளை வேட்டியை நேற்றே இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். பதிவு அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். வாத்தியார் ஆட்டோவில் வந்து இறங்கி, மாப்பிள்ளை யார் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். வசந்தாமணி அரக்குச் சேலை கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை அசைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் முறை வருவதற்குள் என் போன் அடித்தது. நவீன். எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எடுத்தேன்.

"அங்கிள், அங்கதான் இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

"அம்மாகிட்டக் குடுக்கறீங்களா? அவங்க நம்பருக்குக் கூப்பிட எனக்குத் தைரியம் வரல."

கொடுத்தேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு முறை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். உள்ளேயிருந்து இரண்டு பேரின் பெயரையும் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

தேவசகாயம் என் பக்கத்தில் நின்றிருந்தார். இத்தனை மாதம் அவரை நான் எவ்வளவோ கவனித்திருக்கிறேன். அவர் முகத்தை இன்றுதான் பார்த்தேன். பயந்துபோயிருந்தார். பிள்ளை அழுதால் தாய் மனம் மாறிவிடும் என்று நினைத்திருப்பார். வசந்தாமணி நின்ற இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பயம் நடிப்பில் வராது.

"வந்துருவாங்க" என்றேன்.

"வருவாளா அண்ணாச்சி?"

"வருவாங்க. எனக்குத் தெரியும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. நானும் விடவில்லை. வசந்தாமணி வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. போனை என்னிடம் நீட்டிக்கொண்டே, "போட்டோ அனுப்பச் சொல்றானுங்க. நீங்களே எடுத்து அனுப்பிருங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டோம். மாலை மாற்றிக்கொண்டு அலுவலக வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். எனக்குப் படம் எடுத்துப் பழக்கமில்லை. முதல் படத்தில் என் விரல் பாதியை மறைத்துவிட்டது. கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்று சொல்லி மறுபடியும் எடுத்தேன். அது நன்றாக வந்தது. இரண்டு பேரும் சிரித்திருந்தார்கள்.

நவீனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று காட்டியது.